புத்தகம் பார்த்த வீட்டுக்கு வந்த வட்டிலப்பம்

நான் பள்ளிக்கூடம் போகாத மனுசன். கொட்டாஞ்சேனையில பிறந்து, துறைமுகத்தில மூட்டை தூக்கி, முதுகு போனாப்பிறகு இப்ப வெள்ளவத்தையில மகளோட இருக்கிறன். மூட்டையில அடிச்சிருக்கிற எழுத்தைப் பாத்துப் பாத்து மூண்டு பாசையிலயும் கொஞ்சம் எழுத்துக்கூட்டுவன். அவ்வளவுதான் படிப்பு.

வருசம் பிறந்தா பிள்ளையள் புதுப்புத்தகத்தை அடுக்கித் தூக்கிக்கொண்டு வருங்கள். யாரோ ஒரு பெரிய படிப்பாளி எழுதுறார், அரசாங்கம் அடிச்சுக் குடுக்குது எண்டுதான் கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தனான். நடுவில எத்தினை பேர் வாசிச்சு, சண்டைபிடிச்சு, வெட்டி, பிறகு சரியெண்டு கையெழுத்து வைக்கவேணும் எண்டது அந்த வேலை என்ர வீட்டுக்குள்ளயே வந்தாப்பிறகுதான் விளங்கினது.

மகள் தமிழ் டீச்சர். பஸ் ஏறி கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் படிப்பிக்கிறவ. சின்ன வகுப்புப் பிள்ளையள் வாசிக்கிறதுக்கு மேலதிகமா கதைப்புத்தகம் எடுக்கப்போறம், எழுதினாக்கள் அனுப்புங்கோ எண்டு அரசாங்கம் கேட்டு, வந்ததுகளைப் பாக்கிறதுக்கு இவவையும் ஒராளா போட்டிட்டினம். ஒரு புத்தகத்தை மூண்டு பேர் தனித்தனிய பாக்கிறது. ஆர் எழுதினது எண்டு பேர் இராது, இலக்கம் மட்டும்தான். ஆர் பாக்கினம் எண்டு எழுதினாக்களுக்கும் தெரியாது. தெரிஞ்சாக்களிட்ட ஒண்டும் வாங்கமாட்டன், ஒண்டும் சொல்லமாட்டன் எண்டு மகள் கையெழுத்தும் வச்சுக் குடுத்தவ. புத்தகங்கள் வச்ச உறை வந்த அண்டைக்கே அதை அலுமாரிக்கு மேல வச்சிட்டு, "அப்பா, இப்பிடி ஒண்டு இந்த வீட்டில இருக்கெண்டு காத்துக்கும் தெரியக்கூடாது" எண்டா.

"காத்து எங்க வருது? யன்னல் முழுக்க நீ பூட்டிப்போட்டாய்" எண்டன். சிரிக்கேல்ல.

அவவுக்கு ஒரு பழக்கம். சின்னப்பிள்ளையளின்ர புத்தகத்தைக் கண்ணால வாசிக்கமாட்டா, வாயாலதான். வாய் தடக்கிற இடத்தில பென்சிலால ஒரு புள்ளி. பள்ளிக்கூடத்தாலை வந்து, குளிச்சு, தேத்தண்ணி வச்சுக்கொண்டு குசினி மேசையில இருந்து மெதுவா வாசிப்பா. நான் மற்றப் பக்கம் இருந்து கேப்பன். ஒருத்தருக்கும் காட்டக்கூடாது எண்டுதானே கையெழுத்து வச்சது, கேக்கக்கூடாது எண்டில்லையே. எனக்கு விளங்காட்டி கையைத் தூக்குவன், அங்கயும் ஒரு புள்ளி. கனக்கப் புள்ளிதான். ஒரு புத்தகத்தில மாங்காய் கூட எங்கட ஆக்கள் கதைக்காத தமிழ் கதைச்சது.

அப்பிடி ஒருநாள் ஒரு கதை. அடுக்குமாடி ஒண்டு, லிப்ட் எந்த நாளும் பழுது. கீழ்வீட்டில ஒரு தாத்தா. விடியக்காலமை கிரீம் கிறேக்கர் பிஸ்கட்டை பிளேன்டீயில தோச்சு யன்னல் விளிம்பில வைப்பார். காகம் வரும். ஒண்டுக்கு வச்சதை மற்றது கொத்தினா, "பலயங் ஹொரா!" எண்டு சிங்களத்தில பேசுவார், போடா கள்ளா எண்டு. தமிழ்த் தாத்தா ஏன் காகத்துக்கு சிங்களத்தில ஏசுறார் எண்டு மேல்வீட்டுப் பிள்ளை யோசிக்குது.

நான் விழுந்து விழுந்து சிரிச்சன். "இது நானடி!" நானும் விடியக்காலமை காகத்துக்கு வைக்கிறனான். துறைமுகத்தில முப்பது சிங்கள ஆக்களோட நிண்டு பழகினது, கோவம் வந்தா எனக்கு சிங்களம்தான் முதல்ல வரும்.

சிரிப்பு அடங்கிப் பாத்தா மகளின்ர முகம் வெளிறிப்போய்க் கிடக்கு. தாள் மேசையில, கை அதுக்கு மேல.

"மேல்வீட்டு டீச்சர்" எண்டா, சத்தமே வராமல்.

எங்களுக்கு மேல்மாடியில ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளையும் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில சின்ன வகுப்புக்குப் படிப்பிக்குது. முந்தி ஒருக்கா புத்தகம் எழுதி அனுப்பி, வேணாமெண்டு திருப்பிட்டினம். அதுக்குப் பிறகு இரவிரவா எழுதிறா எண்டு அவவின்ர உம்மா படியில நிண்டு என்னட்ட குறைசொல்லும். அடுத்தமுறை எப்ப கேப்பினமோ, கேப்பினமோ இல்லையோ ஒருத்தருக்கும் தெரியாது.

"கதை நல்லமோ?" எண்டு கேட்டன்.

"நல்லம் அப்பா. வந்ததுகளுக்குள்ள இதுதான் திறம். அதுதான் பிரச்சினை."

"நல்லமெண்டா நல்லமெண்டு எழுதன். என்ன பிரச்சினை?"

"நாளைக்கு ஒராள் எழும்பி, மேல்வீடும் கீழ்வீடும் சேந்து செய்த வேலை எண்டா? புத்தகத்தையும் தூக்கி எறிவினம், என்னையும் எறிவினம். தெரியுமெண்டு இப்ப போய்ச் சொன்னா, அவவே சொல்லித்தந்தவ எண்டு நினைச்சா? அப்பவும் அவவின்ர புத்தகம்தான் போகும்."

அவ உறையை மூடி மேல வச்சா. அடுத்தநாள் நோன்புப் பெருநாள். நாங்கள் அதை மறந்தே போனம்.

காலமை கதவு தட்டுது. அந்தப் பிள்ளைதான். புதுச்சீலை, கையில மூடின தட்டு, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணக்குது. "அங்கிள், வட்டிலப்பம். சீனி கொறச்சித்தான் போட்டிரிக்கி, பயப்படாம தின்னுங்க."

பெருநாளுக்கு அவவின்ர தட்டு இறங்குறதும், மற்றநாள் அதில வடையோ மோதகமோ வச்சு நாங்க ஏத்துறதும் எத்தினையோ வருசமா நடக்குது. வெறுந்தட்டு எங்கட படியில ஏறினதே இல்லை. நான் வழமைபோல கையை நீட்டி வாங்கிட்டன்.

"எனக்காண்டி கும்புடுங்க அங்கிள். ஒரு விசயம் அனுப்பியிரிக்கன். கெடச்சா மொதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லுவன்" எண்டிட்டு ஓடிட்டா.

திரும்பினா மகள் குசினி வாசல்ல. "தொடாதீங்கோ அப்பா."

"வட்டிலப்பத்தையோ?"

"அதைத்தான். நான் மாக்ஸ் போடவேண்டிய ஆள் அவ. அவவின்ர தட்டில நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

தட்டு பிரிட்ஜுக்குள்ள போச்சு. ஒருநாள், ரெண்டுநாள். மகள் மாக்ஸ் போடுற தாளை எடுப்பா, பேனையைத் திறப்பா, மூடுவா. பாண் வாங்கப்போற நேரமெல்லாம் மேல கதவு திறக்குதோ எண்டு காது குடுத்திட்டுத்தான் நான் இறங்குறது. என்ர வயசுக்கு வந்த வேலை!

மூண்டாம்நாள் படியில மாட்டுப்பட்டிட்டன்.

"வட்டிலப்பம் எப்புடி அங்கிள்?"

"இன்னும் சாப்பிடேல்ல மகள். சுகர் கூடிப்போச்சு."

"போன கெழமை ஐஸ்கிரீம் தின்டீங்களே, நான் கண்டேனே."

"அதாலதான் கூடினது."

சிரிப்பா எண்டு பாத்தன். சிரிக்கேல்ல. என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டா.

இந்த இடத்தில ஒண்டு சொல்லவேணும். ஈஸ்டர் அண்டைக்கு சேர்ச்சுகளில குண்டு வெடிச்ச வருசம், முஸ்லிம் ஆக்களெண்டாலே பயந்து, எங்கட கட்டடத்தில கனபேர் அவவின்ர வீட்டுத் தட்டை வாங்காமல் விட்டவை. சண்டை ஒண்டும் இல்லை. "சுகமில்லை", "விரதம்", "பிள்ளைக்கு வயித்துக்குள்ள சரியில்லை", அப்பிடி நல்ல வார்த்தை சொல்லித்தான் விட்டவை. வாங்கின ஒருத்தர் ஒரு மாசம் கழிச்சு வெறுந்தட்டை அவவின்ர கதவடியில வச்சிட்டுப் போனவராம், கதவைத் தட்டக்கூட இல்லையாம். அந்த வருசமும் எங்கட வீட்டில வாங்கிச் சாப்பிட்டம். நான் அதைப் பெரிசா நினைக்கேல்ல. அவ நினைச்சிருந்திருக்கிறா.

"அங்கிள்" எண்டா. "நீங்களுமா?"

சுகர் எண்டு நான் சொன்னது அவவின்ர காதில எந்த வருசத்துச் சொல்லா விழுந்தது எண்டு அப்பதான் எனக்கு உறைச்சது. வாய் வரைக்கும் வந்திட்டுது, இல்லை பிள்ளை, உன்ர புத்தகம் எங்கட அலுமாரிக்கு மேல கிடக்கு எண்டு. சொன்னா மகளும் போச்சு, புத்தகமும் போச்சு. சொல்லாட்டி இந்தப் பிள்ளை போச்சு. கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அவ மேல போயிட்டா. கதவைச் சாத்தின சத்தம்கூடப் பெரிசா வரேல்ல.

வீட்டுக்கு வந்து மகளிட்ட இருந்ததை இருந்தபடி சொன்னன். "புத்தகத்தைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. ஆனா அந்தப் பிள்ளை எங்களையும் மற்றவையோட சேத்து வச்சிட்டுது. அதோட என்னால இந்தப் படியில ஏறி இறங்கேலாது."

மகள் கதிரையை அலுமாரியடிக்கு இழுத்துப்போட்டு ஏறினா. பிறகு உறையை இறக்கி, தன்ர புள்ளியெல்லாத்தையும் ரப்பரால அழிச்சா. அடுத்து வாசிக்கிற ஆள் அதைப் பாத்து ஒண்டும் நினைக்கக்கூடாதாம்.

விடிய லீவு போட்டிட்டு உறையோட, புத்தகம் அனுப்பின அரசாங்கக் கந்தோருக்குப் போனவ, பின்னேரம் வெறுங்கையோட வந்தா. அங்க பொறுப்பா இருக்கிற சிங்கள அம்மா, அந்த நோனாவிட்ட, "எழுதினாவை எனக்குத் தெரியும், அவ எனக்குச் சொல்லேல்ல, கதையில வாற தாத்தா என்ர அப்பா" எண்டு சொல்லியிருக்கிறா. நோனா முதல்ல சிரிச்சுப்போட்டு, பிறகு முகத்தை மாத்திக்கொண்டு, "கிவ்வ எக்க ஹொந்தய்", சொன்னது நல்லது எண்டவவாம். அந்தப் புத்தகம் வேற ஆளிட்டப் போகும். மகளை முழுக்கவே விலத்திப்போட்டினம், ஒண்டும் வெளியில கதைக்கக்கூடாது எண்டும் சொல்லி.

"திறமெண்டு எழுதியிருப்பன் அப்பா" எண்டா. "இனி ஆர் பாக்கினமோ. அவைக்குப் பிடிக்குமோ தெரியாது."

அப்பிடிச் சொல்லிக்கொண்டே பிரிட்ஜைத் திறந்து, நிண்டபடியே வட்டிலப்பத்தைச் சாப்பிட்டா. எனக்கும் ஒரு துண்டு தந்தா. பிறகு உளுந்து ஊறப்போட்டு வடை சுட்டா.

தட்டை நான்தான் கொண்டு ஏறினன். கதவைத் திறந்தவ தட்டைப் பாத்தா, வாங்கேல்ல.

"ஏன் அங்கிள் இத்தின நாள்?"

"இப்ப சொல்லேலாது மகள். நீங்க நினைச்சது மட்டும் இல்லை. என்ர கண்ணாணை இல்லை."

"அப்ப என்னத்துக்கு தின்னாம வச்சீங்க?"

நான் தட்டில இருந்த வடையைப் பாத்தன். அவவும் டீச்சர்தானே. என்ர முகத்தைப் பாத்தா, கீழ எங்கட கதவைப் பாத்தா, மெல்ல மெல்ல கை வாய்க்குப் போச்சு.

"அக்காவா?"

"நான் ஒண்டும் சொல்லேல்ல."

"நானும் ஒண்டும் கேக்கல்ல" எண்டா. கண் நிறைஞ்சு கிடக்கு, சிரிக்கிறாவோ அழுறாவோ தெரியேல்ல. "இப்ப தின்டிட்டீங்கன்னா... அப்ப இப்ப அது அக்காகிட்ட இல்ல."

நான் தட்டை நீட்டிக்கொண்டே நிண்டன். கொஞ்சம் பொறுத்து வாங்கினா.

புத்தகத்தின்ர முடிவு தபாலில இன்னும் வரேல்ல. மகளும் அவவும் படியில சந்திச்சா தண்ணி மோட்டரைப் பற்றிக் கதைப்பினம், பஸ்ஸைப் பற்றிக் கதைப்பினம். புத்தகம் எண்ட சொல்லை ரெண்டு பேரும் எடுக்கிறேல்ல. தபால்காரன்ர மணி கேட்டா மட்டும் மேல ஒரு கதவும் கீழ எங்கட கதவும் ஒரே நேரத்தில திறக்குது.