ஏறாதவர்கள் வாங்கிய டிக்கெட்

போன வாரம் கோவில்பட்டியில் பழைய மரச்சாமான் கடை ஒன்றுக்குக் கட்டில் பார்க்கப் போனேன். மூலையில் ஒரு நீளமான தேக்கு பெஞ்சு கிடந்தது. "ஏதோ ஜமீன் பங்களா சாமான்க்கா" என்றார் கடைக்காரர். சாய்மானத்தைத் தடவிப் பார்த்தேன். ஹேர்பின்னால் கீறிய என் பெயரின் முதல் எழுத்து அப்படியே இருந்தது. "பங்களாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது எங்க ஸ்டேஷன் பெஞ்சு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அரசாங்கச் சொத்தைக் கீறிய குற்றத்தை இத்தனை வருடம் கழித்து நானே ஒப்புக்கொண்டதும் அப்போதுதான்.

வார்னிஷ் வாடையையும் மீறி எனக்குக் கரிப்புகையும் பருத்திப் பொதியும் மணந்தன. அந்த ஸ்டேஷனே பருத்திக்காகக் கட்டியதுதான். சுற்றுக் கிராமத்துப் பருத்தியெல்லாம் அங்கே வந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும். அதற்காக வெள்ளைக்காரன் கல் வளைவுகள் வைத்து, மாடி வைத்து, இன்ஜினுக்குத் தண்ணீர்த் தொட்டியும் வைத்து எழுப்பிவிட்டான். கூரை வீடுகளுக்கு நடுவில் அப்படி ஒரு கட்டடம்! மணியாச்சி ஜங்ஷன்கூட இதற்கு முன்னால் சின்னதுதான் என்று சாதிப்போம். அங்கே போய் வந்தவர்களும் சாதிப்பார்கள்.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது பொதிகள் லாரிக்கு மாறியிருந்தன. ஸ்டேஷன் மாஸ்டரும் போய்விட்டார். கமிஷனுக்கு டிக்கெட் கொடுக்க எங்கள் ஊர் ஞானமுத்து அண்ணாச்சியை வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற அதே வெள்ளைச் சட்டையைத் தினமும் போட்டுக்கொண்டு அவ்வளவு பெரிய கட்டடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். நான் கோவில்பட்டியில் ஒரு பஞ்சு ஆலை ஆபீசில் டைப் அடித்தேன். காலை பாசஞ்சரை விட்டால் அடுத்து வரும் பஸ் ஆலைச் சங்கு ஊதி அரைமணி கழித்துத்தான் போய்ச் சேரும். அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ரயிலு இங்கன நிக்கிற வரைக்கும் வேலைக்குப் போ. அதுக்குப் பெறகு மாப்பிள பாத்திருவேன்."

ஒருநாள் அண்ணாச்சி ஜன்னல் வழியே என்னைக் கூப்பிட்டார். "ஆளு ஏறலன்னா ஸ்டாப்ப எடுத்திருவாவளாம். ஒரு மாசம் கணக்குப் பாக்காவ, தாயி." வீட்டுக்குப் போய் அழுதேன் என்பதையும் மறைப்பானேன்.

எங்கள் தெருவில் ரெங்கம்மாக்கா என்று ஒரு சம்சாரி வீட்டுக்காரி; விவசாயியை எங்கள் பக்கம் சம்சாரி என்போம். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவள்தான் வீடு வீடாகப் போனாள். மறுநாளிலிருந்து ஊரே வரிசையில் நின்று அடுத்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் வாங்கியது. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு நேரே களை எடுக்கப் போய்விட்டது. டிக்கெட் வாங்கினால் போதாது, ஏறவும் வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. டைப்பிஸ்ட் அம்மாளான எனக்கும்தான்.

அந்த வாரமே ஒரு அதிகாரி வந்து பிளாட்பாரத்தில் நின்றார். வரிசையைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார். ஏறியது நான் ஒருத்தி.

"டிக்கெட் எடுத்தவங்கல்லாம் எங்கம்மா?" என்று ரயில் படியில் நின்ற என்னைக் கேட்டார்.

ரெங்கம்மாக்கா களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "வாங்குதது எங்க இஷ்டம். ஏறுததும் ஏறாததும் எங்க இஷ்டம். உங்களுக்கு ஆளு ஏறணும், அம்புட்டுத்தான? நாளைக்கு வந்து பாருங்கய்யா."

மறுநாள் ஊரே ஏறிவிட்டது. களைக்கொத்து, தூக்குச்சட்டி, கைப்பிள்ளை, ஒரு ஆட்டுக்குட்டி. எனக்கு உட்கார இடமில்லை. அடுத்த ஸ்டேஷனில் எல்லாரும் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, அவரவர் புஞ்சைக்கு வந்து சேர்ந்தார்கள். மழை பெய்து கரிசல் மண் காலில் அப்பிக்கொண்ட நாளிலும் நடந்தார்கள். ஒரு மாதம் முழுக்க! ஸ்டாப் தப்பித்தது. நானும் தப்பித்தேன். என் கல்யாணம் எனக்குப் பிடித்த நேரத்தில், பிடித்த ஆளோடு நடந்தது.

அதற்குப் பிறகும் பல வருடம் அந்த ரயில் நின்றது. இரட்டைப் பாதை போட்டபோதுதான் மேலிடத்து உத்தரவில் ஸ்டேஷனை எடுத்தார்கள். கட்டடத்தை இடித்து, வளைவுக் கல்லை லாரியில் ஏற்றினார்கள். அப்போது ரெங்கம்மாக்கா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவளையும் சேர்த்துத்தான் ஏற்றியிருக்க வேண்டும்.

பெஞ்சை வாங்கிவிட்டேன். என் வீட்டு வாசலுக்கு நீளம் அதிகம், கிடக்கட்டும். மறுநாளே டவுன் பஸ் ஏறி ஊருக்குப் போனேன்.

"ஸ்டேஷனுக்கு ஒண்ணு குடுங்க" என்றேன்.

கண்டக்டர் சின்ன வயசு. மெஷினைத் தட்டிப் பார்த்தார். "ஸ்டேஷன்னு ஒரு ஸ்டாப்பே இல்லக்கா. அங்கன எதுவுமே இல்ல, வெறும் பொட்டல்."

"அது எனக்குத் தெரியும். நீங்க நிப்பாட்டுங்க."

பின் சீட்டிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "எனக்கும் ஸ்டேஷன்தான்." அதற்கும் பின்னாலிருந்து இன்னொன்று. "எனக்கும் அங்கனதாம்ப்பா."

அவர் விசில் ஊதினார். மூன்று பேர் இறங்கினோம். வளைவு இல்லை, தொட்டி இல்லை, அண்ணாச்சியின் ஜன்னல் இல்லை. பஸ் கிளம்புகிற வரைக்கும் அந்தக் கண்டக்டர் படியில் நின்று பொட்டலையே தேடிக்கொண்டிருந்தார்.