பத்து மூச்சு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாயால் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் கம்பெனியில் கல்லுக்குப் பாலிஷ் போடும் வேலை எனக்கு. நாலு பேர் நின்றால் பேச்சு வராது. அப்படிப்பட்டவனை எங்கள் ஊர் டீச்சர் ஒருவர் தன் நாடகத்தில் மலையாக நிற்கக் கூப்பிட்டார். கிருஷ்ணகிரியில், திறந்தவெளி மைதானத்தில் நாடக விழா. இவர் நாடகத்தில் சண்டை, பாட்டு, சிரிப்பு எதுவும் கிடையாது. முழுக்கக் கவிதை.

"கல்லோடவே இருக்கறவரு நீங்க. உங்க குரல்தான் வேணும் அண்ணா" என்றார்.

என் வரிகளைப் போனில் பதிந்து கொடுத்தார். குருபரப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கேட்டேன். மெஷின் சத்தத்துக்குள் சொல்லிப் பழகினேன். மூன்று மாதம். கடைசியில் மலை இப்படிச் சொல்லும்:

"கூப்பிட்டால் திருப்பிக் கூப்பிடுவேன். லாரி லாரியாகப் போய்விட்டேன். இப்போது கூப்பிட்டுப் பாருங்கள்."

அதன் பிறகு பத்து மூச்சு பேசாமல் நிற்க வேண்டும். எதிரொலி வராது. மலை இல்லை என்பது அந்த அமைதியில்தான் ஜனங்களுக்கு உறைக்கும். நாடகமே அதுதான் என்று டீச்சர் பலமுறை சொன்னார். பத்து மூச்சு முடிந்து தலை குனிய வேண்டும்.

கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்களும் வருவார்கள் என்று விழாக்காரர்கள் ஓர் அறிவிப்பாளரை மைக்கோடு ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் தலை குனிந்த பிறகு இரண்டு பாஷையிலும் அவர் கதையைச் சொல்ல வேண்டும். நல்ல எண்ணம்தான். குறை சொல்லவும் முடியவில்லை, எரிச்சலே அதில்தான்.

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு வரியும் பிசகவில்லை. "கூப்பிட்டுப் பாருங்கள்" என்று நிறுத்தினேன். கூட்டம் அடங்கிப்போனது. பலூன்காரர்கூட ஊதலைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது மூச்சில் மைக் கரகரத்தது.

"பரவாயில்லைங்க, புதுசா நடிக்கறவரு. வரி மறந்துட்டாரு. ஒரு கைத்தட்டு கொடுங்க."

அதையே கன்னடத்தில் சொன்னார். தெலுங்கிலும் சொன்னார். மூன்று பாஷைக்காரர்களும் கைதட்டினார்கள்.

மறக்கவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மலை பேசக் கூடாத நேரம் அது. தலை குனிந்தேன்.

இறங்கியதும் எங்கள் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். "மெஷின்கிட்ட நல்லாத்தானே ஒப்பிச்சே? அதையும் தூக்கினு வந்திருக்கணும்."

"மறக்கல சார். அங்க சும்மாதான் நிக்கணும்."

"சும்மா நிக்கறதுக்கா மூணு மாசம்?"

பஸ்ஸில் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவை உள்ளங்கையில எழுதிக்கினு போங்க" என்றாள். அவள் பாவப்பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. டீச்சர் விழாக்காரர்களோடு சண்டை போட்டதாகக் கேள்வி. அவர்கள் மன்னிப்புக் கேட்டார்களாம், அவரிடம்.

எட்டு மாதம் ஆகிறது. கம்பெனியில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும், யாராவது கைதட்டுகிறார்கள்.

நான் மறக்கவில்லை. நாலு எண்ணியிருந்தேன். இன்னும் ஆறு இருந்தது.

புரட்டாசி 11, ஞாயிறு.