படகுக்குப் பெயர் வாங்க விருத்தாசலம் போனோம்

கடலுக்கும் விருத்தாசலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன புரட்டாசியில் நானும் என் கணவர் பாலுவும் எங்கள் பாய்மரப் படகுக்குப் பெயர் எழுத்துகள் வாங்க அங்கே போனோம். படகு புதுச்சேரியில் நிற்கிறது. ஒரு வெளிநாட்டுக்காரரிடமிருந்து வாங்கியது. அவர் நாட்டுப் பதிவு ரத்தாகிவிட்டது, நம் நாட்டுப் பதிவு இன்னும் கைக்கு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் வருவதுபோல ஒரு மயக்கம் வரும்.

‘தாழை’ என்ற பெயருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்தது, படகின் பின்புறத்தில் அதன் பெயரும் பதிவுத் துறைமுகமான சென்னையின் பெயரும் ஆங்கிலத்தில் அழியாதபடி இருக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் பத்து சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சர்வேயர் வந்து அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். சான்றிதழ் வந்தால்தான் கொடி, மூலையில் மூவர்ணம் வைத்த கப்பல்களின் சிவப்புக் கொடி.

பாலுவுக்கு அவசரம். அவர் பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிக் குறைந்துகொண்டே வருகிறது. அடுத்த வருஷம் எவ்வளவு மிஞ்சும் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் தை வரை படகை எடுக்க முடியாது. அதற்குள் தன் படகில் கொடி ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவரைவிட எனக்கு.

பெயின்ட் உப்புக்காற்றில் உரிந்துவிடும், மின்கம்பத்துப் பீங்கான் மட்டும் எத்தனை வெயில் மழைக்கும் அப்படியே இருக்கிறதே என்று யோசித்தவர் பாலுதான். அதனால் ஒரு மாதம் முன்பே பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் ஒரு பட்டறையில் எழுத்துகளின் படத்தைக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். இது வாங்கிவரும் பயணம்.

காலை ஆறரைக்குப் பேருந்து. கடலூர், நெய்வேலி வழியாக எண்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரம் ஆகும். நெய்வேலி தாண்டியதும் காற்றில் ஈரம் போய்விடுகிறது. பேருந்து நிலையத்திலிருந்து பட்டறைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். பொம்மை வாங்கவா என்று ஓட்டுநர் கேட்டார். படகுக்குப் பேர் வாங்க என்றேன். மணிமுத்தாற்றுப் பாலத்தின் மேல் வண்டியை மெதுவாக்கிக் கீழே மணலைப் பார்த்தார்.

“இதுலயா வுடப் போறீங்க?”

பட்டறை ஒரு வெள்ளைக் கனவு. தரை, கூரை, வாசல் வேப்பமரத்தின் இலை எல்லாவற்றிலும் மாவு பூத்த மாதிரி களிமண் தூசி. வரிசை வரிசையாக ஃபியூஸ் கட்டைகள், அகல் விளக்குகள், இன்னும் சுடாத பிள்ளையார்கள். சூளைப் பக்கமிருந்து வரும் வெதுவெதுப்பில் பாலு ஸ்டூல் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார். அங்கேயே ஒரு நாள் முழுக்க இருந்துவிடலாம் போலிருந்தது.

பட்டறைக்காரர் மரியசெல்வம் வைக்கோல் விரித்த பெட்டியில் THAZHAI, CHENNAI என்று பதினான்கு எழுத்துகளைக் கொண்டுவந்து வைத்தார். பால் நிறத்தில் பளபளவென்று இருந்தன. நான் டேப்பை எடுத்தேன். ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை. இன்னொன்றை அளந்தேன், அதுவும் அப்படியே.

செல்வத்தின் முகம் வாடிவிட்டது.

“நீங்க குடுத்தது அச்சு அளவுன்னு நெனச்சேன் மேடம். மண்ணு சூளையில சுருங்குமில்ல, எங்ககிட்ட வர்ற கம்பெனிக்காரங்க அதையும் கூட்டித்தான் படம் குடுப்பாங்க. நாங்க அதத் தொடவே மாட்டோம்.”

நான் கொடுத்தது படகில் இருக்கவேண்டிய அளவு. சுருங்குவதை அவர் பார்த்துக்கொள்வார் என்று நான் விட்டேன், நான் பார்த்திருப்பேன் என்று அவர் விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. காசு வேண்டாம், திரும்பச் செய்து தருகிறேன் என்றார். அச்சு, காயவைத்தல், சூளை என்று இரண்டு வாரம் ஆகும். சர்வேயர் நாளை மறுநாள் வருகிறார். அவரை விட்டால் மழைக்குப் பிறகுதான்.

பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தோம். திரும்பும் பேருந்தில் நான் மீன்பிடிப் படகுகளுக்கு எண் எழுதும் பெயின்டருக்கு போன் செய்து, மறுநாள் காலையில் வரச் சொன்னேன். பாலு பெட்டியை மடியில் வைத்திருந்தார். நெய்வேலி வருவதற்குள் கை உள்ளே போயிருந்தது.

“இது இசட்டு. இது ஹெச்சு,” என்றார் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தபடி. “இதுக்குக் கண்ணே வேணாம் போலிருக்கே.”

அழுதுகொண்டிருந்தேன்.

பின்புறத்தில் பெயின்டர் பத்து சென்டிமீட்டருக்கு மேலேயே எழுதினார். சர்வேயர் அளந்து கையெழுத்துப் போட்டார். சான்றிதழும் மழைக்கு முன்பே வந்தது.

இதே வேலையாக அலைபவர்களுக்கு: பீங்கானில் செய்தால் ‘சுட்ட பிறகு இந்த அளவு’ என்று படத்திலேயே எழுதிக் கொடுங்கள். சான்றிதழின் அசல் எப்போதும் படகில் இருக்கட்டும். உரிமையாளரோ முகவரியோ மாறினாலும், படகில் பெரிய மாற்றம் செய்தாலும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உயிர்காப்பு மிதவைகளையும் அபாயச் சுடர்களையும் காலாவதித் தேதி பார்த்து மாற்றுங்கள். பெயின்ட் மங்கினால் உடனே மேலே பூசிவிடுங்கள், நாங்கள் அதற்குள் ஒருமுறை பூசியாயிற்று.

கொடி ஏறிய காலையில் பாலு அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். முழுதாகத் தெரியவில்லையாம், சிவப்பு மட்டும் துண்டு துண்டாக வந்து போகிறதாம். பார்த்தாச்சு என்றார்.

செல்வத்தின் சின்ன எழுத்துகளைச் சுக்கானுக்குப் பக்கத்தில் உள்சுவரில் ஒட்டியிருக்கிறோம். எந்த விதிக்கும் அவை கணக்கில்லை. கயிற்றை அவிழ்க்கும் முன் பாலு ஒவ்வொரு முறையும் அவற்றின்மேல் விரலை ஓட்டி, தாழையின் ஏழு எழுத்தையும் படித்துவிட்டுத்தான், “போலாம்” என்கிறார்.