எந்த ஊர்த் தவளை?

இன்று குருவிநத்தத்தில் ஒரு பள்ளியில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என் புதிய கதையை வாசித்துக் காட்டினேன். அதில் பாகூர் ஏரித் தவளை ஒன்று நண்டைப் பார்த்து, "என்ன செய்கிறாய், நண்பா?" என்று கேட்கும்.

முன்வரிசையில் ஒரு சிறுமி கை தூக்கினாள்.

"சார், அது எந்த ஊரு தவக்கள?"

"நம்ம பாகூர் ஏரிதாம்மா."

"அப்ப 'இன்னாடா பண்ற'ன்னுதான சார் கேக்கும்?"

நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். திருத்தியவர் பதிப்பாசிரியர். வெளியே வந்ததும் அவருக்குப் போன் செய்தேன்.

"குழந்தைங்களுக்குப் புரியாதுன்னுதான் சார் மாத்தினேன்," என்றார்.

மறுபதிப்பிலும் தவளையின் பேச்சை மாற்ற முடியாதாம். வேண்டுமானால் ஏரியை மாற்றிக்கொள்ளலாமாம்.

தவளைகள் 'என்ன செய்கிறாய், நண்பா?' என்று பேசும் ஏரி எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.