சூரத்துக்குச் சொன்ன வாழ்த்து

எங்கள் முன்னோர் குஜராத்திலிருந்து பட்டு நெய்துகொண்டே தெற்கே வந்தவர்கள் என்பது எங்கள் சௌராஷ்டிரக் குடும்பத்தின் பெருமை. எத்தனை தலைமுறைக்கு முன்பு என்று யாருக்கும் தெரியாது. பெருமைக்கு அந்த விவரம் தேவைப்படவில்லை. இப்போது வீட்டில் நாங்கள் பேசுவதில் பாதிக்குமேல் ஆரணித் தமிழ். ஆனாலும், "குஜராத்தியா? நம்ம பாஷைதானே" என்று சொல்லிவிடுவேன். கேட்டவர்களில் ஒருவர்கூடக் குஜராத்தி இல்லை என்பதால் இது பல வருடம் செல்லுபடியானது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் சூரத்துப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். எங்கள் ஊர்ப் பட்டுக்கு ஜரிகையே அங்கிருந்துதான் வருகிறது, மாப்பிள்ளையும் வரட்டும் என்று நான் ஒத்துக்கொண்டேன். பையனின் அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு வந்திருந்த மகள் சொன்னாள்: "அவங்களுக்குத் தீபாவளி முடிஞ்சாதான் வருஷப் பிறப்பு. நாளைக்கு அவங்கப்பாவுக்கு ஃபோன் பண்ணி 'சால் முபாரக்'னு வாழ்த்து சொல்லுங்கப்பா. சொல்லிட்டு உடனே இங்கிலீஷுக்கு வந்துடுங்க."

"எனக்கே சொல்லித் தரியா?"

"உங்களுக்குன்றதாலதான் பயமா இருக்குது."

மறுநாள் அவள் தோழி வீட்டுக்குப் போன நேரம் பார்த்து ஃபோன் செய்தேன். "சால் முபாரக்" என்றேன். மறுமுனையில் ஒரு மனிதர் மலர்வது காதிலேயே கேட்டது. பதில் வாழ்த்தை இரண்டு தடவை சொன்னவர், அப்படியே மூச்சுவிடாமல் குஜராத்தியில் பேச ஆரம்பித்தார். இங்கிலீஷுக்கு வர வேண்டிய இடம் அதுதான். நான் வரவில்லை. அவர் குரல் மேலே ஏறி நின்ற இடங்களில் எல்லாம் "ஹா" என்று ஆமாம் போட்டேன். அவர் சிரித்தபோது சிரித்தேன். சமையலறையில் முந்தின நாள் கறிக்குழம்பு சூடாகிக்கொண்டிருந்தது.

"அவ்ளோ நேரம் இன்னா பேசிகினு இருந்தீங்க?" என்றாள் மனைவி.

"பொதுவா" என்றேன்.

மகள் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"நாம கறி மீன் எதுவும் தொடமாட்டோம்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

"நான் எங்க சொன்னேன்?"

"நீங்க சைவமான்னு கேட்டாராம். ஹான்னீங்களாம். நாங்க சாப்பிடுவோம்னு நான் மொதல்லயே சொல்லியிருக்கேன். பொண்ணு பொய் சொல்லுதா, அப்பா பொய் சொல்றாரான்னு இப்ப பையன்கிட்ட கேட்டுகினு இருக்காரு."

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுல இன்னா பேஜாரு உங்களுக்கு? இன்னும் எதுக்கெல்லாம் ஹா சொல்லி வெச்சிருக்கீங்களோ!"

அது எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, மறுபடி சூரத்துக்குப் பேசினேன். இந்தத் தடவை ஆங்கிலத்தில்.

"எனக்குக் குஜராத்தியில் தெரிந்தது அந்த வாழ்த்து ஒன்றுதான். நீங்கள் கேட்டது எதுவும் புரியாமல் ஆமாம் போட்டேன். நாங்கள் கறி சாப்பிடுகிறவர்கள். என் மகள் சொன்னதுதான் உண்மை."

நான் ஃபோனைப் பார்த்தேன். இணைப்பு இருந்தது.

"எல்லாவற்றுக்குமே புரியாமல்தானா?" என்றார்.

"எல்லாவற்றுக்குமே."

"கல்யாணத்தைச் சூரத்தில் வைக்கலாமா என்றதற்கு?"

"அதற்கும்தான். கல்யாணம் ஆரணியில்தான்."

அவர் பெருமூச்சு விட்டார். "எதற்குமே மறுப்பு சொல்லாத சம்பந்தியா, ஏதோ இடிக்கிறதே என்று என் மனைவி கேட்டாள். இப்போது அவளுக்குப் பதில் சொல்லலாம். பெண்ணிடம் கொடுங்கள்."

மகள் வாங்கினாள். "சால் முபாரக் அங்கிள்" என்று சொல்லி, உடனே இங்கிலீஷுக்குப் போனாள். அது எவ்வளவு சுலபம் என்று எனக்குக் காட்டுவதுபோல இருந்தது. அவர் என்னவோ கேட்க, "யெஸ், ஹி இஸ் ஆல்வேஸ் லைக் திஸ்" என்றாள். பிறகு ஃபோனைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த மாசம் ரெண்டு பேரும் இங்க வராங்களாம். நிச்சயம் பேச."

"வந்தா நான் இன்னா பேசறது?"

"தமிழ்ல பேசுங்கப்பா. அவருக்குப் புரியாது. எனக்கு அதான் நல்லது."