அம்மா வீட்டுச் சாவி

உயிலை நிறைவேற்றும் வேலைக்குச் சம்பளம் கிடையாது, கூடப்பிறந்தவர்களின் முறைப்பு மட்டும் தாராளமாய்க் கிடைக்கும். இதில் மாட்டியிருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஏன் நான்?

அம்மா போன பிறகு வழக்கறிஞர் உயிலைப் படித்தார். ஆயர் ஈத்தாமில் அம்மா இருந்த ஃபிளாட்டை விற்று மூன்று பிள்ளைகளுக்கும் சமமாய்ப் பிரிக்க வேண்டும், பொறுப்பு மூத்தவளான எனக்கு. கடைசித் தம்பி அருள் கல்யாணம் கட்டாமல் அந்த வீட்டிலேயே இருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டவன். வீட்டைத் தானே வாங்கிக்கொள்ள அவனுக்கு வசதியில்லை. நடுவன் சேவியருக்கோ இரண்டு பிள்ளைகள் காலேஜில். விற்றால் அருள் என்னோடு பேசமாட்டான், விற்காவிட்டால் சேவியர் பேசமாட்டான்.

"ஆம்பளப் பிள்ளைங்க ரெண்டு பேர் இருக்கோமே, அக்காவை ஏன் போட்டாங்க?" என்றான் சேவியர். வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் கேட்டேன் தம்பி. 'மூணு பேர்ல திட்டு வாங்கிப் பழகினவ அவதான்'னு சொன்னாங்க."

பூசை முடியட்டும்

அருள் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்றான், சரி என்றேன். பிறகு கல்லறைத் திருநாள். அப்புறம் தவக்காலத்தில் வீடு விற்கலாமா என்று கேட்டான். எந்தச் சாமியார் அப்படிச் சொன்னார் என்று நானும் கேட்கவில்லை. கடைசியாக, வருஷப் பூசையை அந்த வீட்டில் இருந்துதான் கொடுக்க வேண்டும் என்றான்.

நான் தலையாட்டிவிட்டு வந்து சேவியருக்கு போன் போட்டேன்.

"அக்கா, இவன் சொல்ற பூசையெல்லாம் முடியறதுக்குள்ள நமக்கே பூசை வச்சிடுவாங்க."

வீட்டுக்காரர்

வருஷப் பூசையும் முடிந்தது. பசாரில் காய்கறி விற்கும் ஒரு சீன அம்மா வீட்டை வாங்கினார். சாவி கொடுக்கும் நாளில் போய்ப் பார்த்தால் அருள் எல்லாவற்றையும் கட்டிவைத்திருந்தான், ஹாலில் இருந்த திரு இருதய ஆண்டவர் படத்தைத் தவிர. சிவப்பு விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது. சாமியார் வந்து மந்திரித்து மாட்டிய படம், அதில் கை வைக்கமாட்டேன் என்று நின்றான்.

அந்த அம்மா சண்டை போட்டிருந்தால் அவனும் போட்டிருப்பான். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. படத்தைக் காட்டி மலாய் மொழியில் மெதுவாகச் சொன்னார்.

"இப்ப இவர்தான் வீட்டுக்காரர். முதல்ல இவரை மரியாதையா கூட்டிட்டுப் போங்க, அப்புறமா நான் உள்ள வர்றேன்."

பின்சீட்டில்

அருளே படத்தை இறக்கினான். அவனுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில், வேலை செய்யும் ஃபேக்டரிக்குப் பக்கத்தில் அறை பார்த்திருந்தோம். சேவியர் கார் கொண்டுவந்தான். ஒரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அருள் பின்சீட்டில் படத்தை மடியில் வைத்துக்கொண்டான். "பெல்ட் போடு, ஆண்டவருக்கும் சேர்த்து" என்றான் சேவியர். அருள் சிரிக்கவில்லை, ஆனால் போட்டான்.

பாலத்தில் நல்ல ஜாம். எந்த வருஷமும் கிறிஸ்துமஸ் என்றால் எங்கள் மூன்று பேருக்கும் அம்மா வீடுதான், வேறு யோசனையே வந்ததில்லை. அருள் பின்னாலிருந்து கேட்டதும்தான் எனக்கு அது உறைத்தது. அம்மாவின் அடக்கத்தன்று வராத அழுகை அங்கே வந்தது. சேவியர் ரேடியோவை அணைத்தான்.

அருள் கேட்டது இவ்வளவுதான்: "அக்கா, இந்த கிறிஸ்துமஸுக்கு நாம எந்த வீட்டுக்குப் போறது?"

உயில்படி என் வேலை முடிந்துவிட்டது என்று வழக்கறிஞர் கைகுலுக்கி அனுப்பிவிட்டார், டிசம்பரில் மூன்று குடும்பத்துக்கும் ஆட்டிறைச்சி பிரட்டப்போவது யார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.