ஒரே பட்டைக்கு மூன்று பெயர்

இரத்தினசிங்கம் அண்ணனைப் போல வீம்பு பிடித்த மனிதரை நான் பார்த்ததில்லை. 1996இல் பிளாக்ஹவுஸ் பேயில் ஒரே வீட்டில் ஆளுக்கோர் அறை எடுத்திருந்தோம். ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்பேட்டைக்குத் தினமும் என் காரில்தான் வருவார். எனக்கு அங்கே கிடங்கில் வேலை. அவருக்கு அடுத்த தெருவில், மின்தராசு செய்யும் கம்பெனியில் புரோகிராமர் வேலை. முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். நிரந்தரமானால்தான் கொழும்பிலிருக்கும் மனைவி வசந்தமலரையும் மகளையும் கூப்பிட முடியும்.

தராசின் சின்னத் திரையில் எடை தெரிய வேண்டும், அவ்வளவுதான். திரையில் எழுத்தும் கோடும் போடுவதற்கான நிரல் தொகுப்பை, அதாவது லைப்ரரியை, மேலாளர் கிரஹாம் முன்பே எழுதி வைத்திருந்தார். அது திரையை எட்டுப் புள்ளி உயரமுள்ள பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளும். அந்தப் பட்டையைக் கையேட்டில் ஓரிடத்தில் ‘பேஜ்’ என்றார், வேறிடத்தில் ‘பேங்க்’ என்றார், கடைசியில் ‘ரோ’ என்றார். மூன்றும் ஒன்றுதான் என்று எங்கும் எழுதவில்லை, புண்ணியவான். அண்ணன் மூன்றையும் வெவ்வேறு என்று நம்பி, ஒவ்வொன்றுக்கும் தனியாக நிரல் எழுதினார். எண்கள் பாதி மேலே, பாதி கீழே என்று பிய்ந்து தெரிந்தன.

“அந்த ஆளையே கேட்டுட வேண்டியதுதானேண்ணே?” என்பேன்.

“கேட்டால் இவனுக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைச்சுப்போடுவான், தம்பி. இருபது வருஷ அனுபவமெண்டு சொல்லித்தானே வேலை எடுத்தனான்.”

எனக்கு எரிச்சலாக வரும். தினமும் காலையில் கிரஹாம் வந்து எல்லாம் சரியா என்று விசாரிப்பாராம். இவர் சரி என்று தலையாட்டுவாராம். சாப்பாட்டு வேளையிலும் கையேட்டைப் புரட்டிவிட்டு, மாலையில் காரில் ஏறியதும் கண்ணை மூடிவிடுவார். பேச்சுக்குக்கூடத் தெம்பு இருக்காது.

பதினோராவது வாரம், மூன்றும் ஒன்றுதான் என்று ஒருவழியாகப் புரிந்துவிட்டது. இரண்டே நாளில் திரை சரியாயிற்று. வெள்ளிக்கிழமை கிரஹாம் அவரைக் கூப்பிட்டு, இவ்வளவு மெதுவாகப் போனால் கட்டுப்படியாகாது என்று வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தைக் கொடுத்தார். அண்ணன் அப்போதுதான் பெயர்க் குழப்பத்தைச் சொன்னார். அது தன் தப்புதான் என்று கிரஹாம் உடனே ஒப்புக்கொண்டாராம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே வந்து கேட்டுவிடுவார்களாம். இவர் வராததால் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாராம். கடிதத்தை மட்டும் திரும்ப வாங்கவில்லை.

காரில் ஏறியதும் இதையெல்லாம் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம், பாவமாகவும் இருந்தது.

“தம்பி, வசந்தமலருக்கு நான் என்னெண்டு சொல்லுறது?”

ஒரே வீட்டில் இருந்த ஒரு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. காரைக் கிளப்பினேன்.